தங்கத் துகள் சில்லு வைத்த ஆவி உணரிப் பெட்டி: வார்னிஷ் அறைக்கு வாங்கலாமா?

பம்புசெட் மோட்டார் செய்யும் பட்டறைகளில், வைண்டிங் முடிந்த ஸ்டேட்டரை (மோட்டாரின் சுழலாத பகுதி) வார்னிஷில் முக்கி ஓவனில் சுடுவதற்கென்று தனி அறை இருக்கும். கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி, குறிச்சி சிட்கோ என்று எங்கே போய் அந்த அறையில் வேலை செய்பவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "தின்னர் வாசம் பழகிப் போச்சுங்க, இப்பெல்லாம் தெரியறதே இல்லீங்க." காற்று அப்படியேதான் இருக்கிறது, மூக்குதான் சோர்ந்துபோகிறது. தின்னரில் உள்ள டொலுயீனுக்கும் சைலீனுக்கும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வைத்திருந்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக 100 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு), குறுகிய நேரத்துக்கு 150 பி.பி.எம். அந்த எல்லை தாண்டியதா இல்லையா என்று வாசம் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது.

இந்த இடத்தில் வைப்பதற்கென்றே கோவையில் சிறு நிறுவனம் ஒன்று, பூச்சுப் போட்ட தங்க நானோ துகள்களைக் கொண்டு ஒளியால் ஆவியை அளக்கும் பெட்டி ஒன்றை விற்கிறது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே அமைப்பில் வெளியூர்ப் பெட்டிகளும் வருகின்றன. கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தங்கமும் பூச்சும் நன்றாகவே இருக்கின்றன. விளக்கத்தாளில் பெரிதாகப் போட்டிருக்கும் உணர்திறன் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். வெப்பநிலை, ஈரப்பதம், குழாய் இந்த மூன்றையும் சரிப்படுத்தினால் நம்பி வைக்கலாம். சரிப்படுத்தாவிட்டால் அது காட்டுவது பெரும்பாலும் ஷெட்டின் சூட்டைத்தான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

விரல் நகம் அளவுக்கு நான்கு கண்ணாடிச் சில்லுகள், அவை உட்காரும் அலுமினியக் கலம், கலத்தை 45 டிகிரியில் வைத்திருக்கும் ஹீட்டர், வெள்ளை எல்.இ.டி. விளக்கு, சிறிய நிறமாலைமானி, டயாபிரம் பம்பு, ஒரு மூவழி வால்வு, கரி நிரப்பிய குழாய், இரண்டு மீட்டர் சிலிக்கோன் டியூப். கணினியோடு இணைக்க யு.எஸ்.பி. வயர். மென்பொருள் ஆங்கிலத்தில் மட்டும்தான். பட்டறை ஆள் பார்க்க வேண்டிய திரையையாவது தமிழில் தந்திருக்கலாம்.

வேலை செய்யும் விதம் இது. இருபது நானோமீட்டர் பருமனுள்ள தங்க உருண்டை, தண்ணீரில் மிதக்கும்போது 520 நானோமீட்டர் பக்கத்து ஒளியை விழுங்கும். அதனால்தான் தங்கக் கரைசல் மாணிக்கச் சிவப்பாகத் தெரிகிறது. மைக்கேல் ஃபாரடே 1857இல் இந்தச் சிவப்பை ஆராய்ந்தார்; குஸ்டாவ் மீ 1908இல் அதற்குக் கணக்குப் போட்டார். விழுங்கப்படும் அலைநீளம், துகளைச் சுற்றிச் சில பத்து நானோமீட்டருக்குள் இருக்கும் பொருளின் ஒளிவிலகல் எண்ணை, அதாவது அதற்குள் ஒளியின் வேகம் எவ்வளவு குறைகிறது என்ற அளவை, பொறுத்து நகரும். எண் கூடினால் அந்த விழுங்கலின் உச்சி சிவப்புப் பக்கம் போகும், குறைந்தால் நீலப் பக்கம்.

காற்றில் 100 பி.பி.எம். ஆவி கலந்தால் காற்றின் ஒளிவிலகல் எண் மாறுவது மிகமிகச் சொற்பம். எந்தத் தங்கத்தாலும் அதைப் பட்டறையில் வைத்துப் பார்க்க முடியாது. அதனால் துகளுக்கு மேல் ஒரு பூச்சு. பூச்சு ஆவியை உறிஞ்சித் தன்னிடம் சேர்த்து வைக்கும், தங்கம் அந்த மாற்றத்தை நிறமாகக் காட்டும். எந்த ஆவி தெரியும், எது தெரியாது என்பதைப் பூச்சே தீர்மானிக்கிறது. ஆகவே இந்தப் பெட்டியை மதிப்பிடுவது என்றால் பூச்சுகளை மதிப்பிடுவதுதான்.

பத்தில் ஒரு டிகிரி

முதல் சில்லில் இருப்பது பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பர்ப் படலம். சீக்கிரம் உறிஞ்சும், சீக்கிரம் விட்டுவிடும், தண்ணீர் ஏறாது. நல்ல பூச்சு. ஆனால் கணக்கைப் பாருங்கள். 25 டிகிரியில் டொலுயீன், காற்றில் இருப்பதைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு செறிவில் இந்த ரப்பருக்குள் சேரும். காற்றில் 100 பி.பி.எம். என்றால் ஒரு கன மீட்டருக்கு 377 மில்லிகிராம். ரப்பருக்குள் அது கன அளவில் பத்தாயிரத்தில் நான்கு பங்கு. டொலுயீனின் ஒளிவிலகல் எண் 1.496, ரப்பரின் எண் 1.41. இந்த வித்தியாசத்தில் பத்தாயிரத்தில் நான்கு பங்கு என்றால், எண் கூடுவது ஏறக்குறைய 0.00004.

இப்போது சூட்டைப் பாருங்கள். பி.டி.எம்.எஸ்.ஸின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரி ஏறினால் 0.00045 குறையும். அதாவது பத்தில் ஒரு டிகிரி ஏறினாலே 100 பி.பி.எம். டொலுயீன் கொடுக்கும் குறி முழுவதும் அழிந்துபோகும். துகளை எவ்வளவு கூர்மையாகச் செய்தாலும், உருண்டைக்குப் பதில் தண்டு போட்டாலும் இந்த விகிதம் மாறாது, ஏனென்றால் தங்கம் இரண்டையும் ஒரே மாதிரிதான் பெருக்குகிறது. பங்குனி, சித்திரையில் ஷீட் போட்ட ஷெட்டுக்குள் காலைக்கும் நடுப்பகலுக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும் ஊரில் இதை மறந்துவிட்டு உணர்திறனைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை.

ஹீட்டரின் நிலைத்தன்மை கூட்டல் கழித்தல் 0.1 டிகிரி என்று விளக்கத்தாள் சொல்கிறது. மேலே போட்ட கணக்குப்படி அதுவே 100 பி.பி.எம். தடுமாற்றம். போதாது. போதாததை நிறுவனம் உணர்ந்திருப்பதால்தான் மூவழி வால்வு வைத்திருக்கிறார்கள். இந்தப் பெட்டியில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அது. ஒரு நிமிடம் அறைக் காற்று, அடுத்த நிமிடம் கரிக்குழாய் வழியாகச் சுத்தப்படுத்திய காற்று என்று மாறி மாறிக் கலத்துக்குள் போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், மெதுவாக நகரும் சூடு, விளக்கின் தளர்ச்சி, சில்லு மூப்பு இவற்றால் வரும் நகர்வு கழிந்துவிடும். மென்பொருளில் இந்த வால்வுச் சுழற்சியை நிறுத்திவைக்க ஒரு வசதி இருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம்.

ஏன் 45 டிகிரி என்று கேட்கலாம். ஹீட்டரால் சூடாக்கத்தான் முடியும், குளிர்விக்க முடியாது. ஷெட் 38, 40 தொட்டாலும் கலம் அதற்கு மேலே இருந்தாக வேண்டும். நியாயமான முடிவுதான், ஆனால் அதற்கு விலை உண்டு. டொலுயீனின் ஆவி அழுத்தம் 25 டிகிரியில் 28 மில்லிமீட்டர் பாதரசம், 45 டிகிரியில் 74. ஆவியாக நிற்கும் ஆசை அவ்வளவு கூடும்போது ரப்பருக்குள் தங்குவது பாதிக்கும் கீழே குறைகிறது. 25 டிகிரிக்குப் போட்ட கணக்கில் கிடைத்த சின்னக் குறியே இன்னும் சுருங்கிவிடும். மின்சாரத்தால் குளிர்விக்கும் பெல்டியர் தகடு வைத்து 28 டிகிரியில் நிறுத்தியிருந்தால் குறி பெரிதாகும், மின்செலவும் கூடும். குளிரூட்டிய அலுவலகத்தை ஒட்டி வைக்கப்போகிறவர்கள் கலத்தின் சூட்டை 35க்கு இறக்கிக்கொள்ளலாம்; மென்பொருள் அனுமதிக்கிறது. இறக்கினால் அளவுத்திருத்தத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

கரியும் ஈரமும்

கரிக்குழாய்க்கு உள்ளே தேங்காய்த் தொட்டிக் கரி. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் தொட்டிக் கரிக்குப் பஞ்சமில்லை என்பதால் மறுநிரப்புக்குக் கவலை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சுட்ட கரி வேறு, நீராவியில் முறுக்கேற்றிய செயலூட்டிய கரி வேறு. சாதாரணக் கரியைப் போட்டால் தின்னர் ஆவி கொஞ்ச நேரத்திலேயே தாண்டி வந்துவிடும். சுத்தக் காற்றிலும் தின்னர் இருந்தால் வித்தியாசம் பூஜ்யம், திரையில் எல்லாம் பச்சை. இந்தப் பெட்டியால் நேரக்கூடிய மிக மோசமான தவறு இது. வாரம் ஒருமுறை வெளிமுற்றத்துக் காற்றைக் கரிக்குழாய் இல்லாமல் நேரடியாக உள்ளே விட்டு, கரிவழியே வரும் அறைக் காற்றோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால், வெளிக்காற்று சுத்தமாக இருக்கும்பட்சத்தில், கரி முடிந்தது.

இன்னொரு தொல்லை, கரி ஈரத்தையும் உறிஞ்சும். புதிதாக நிரப்பிய கரி வழியே போகும் காற்று காய்ந்து வரும், அறைக் காற்று ஈரமாக வரும். அந்த ஈர வித்தியாசத்தையும் சில்லு ஆவி என்றே படிக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்றும் சாரலும் வரும் நாட்களில் இது நன்றாகவே தெரியும். காய்ந்த மாசிப் பகலில் தெரியாது. ஆகவே காய்ந்த நாளில் சோதித்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். புதுக் கரி போட்டதும் சுத்தமான வெளிக்காற்றை அரை மணி நேரமாவது அதன் வழியே ஓடவிட்டு ஈரத்தோடு சமன்படுத்திய பிறகே அளவெடுங்கள். ஈரத்தைச் சமப்படுத்தும் நாஃபியான் என்ற பாலிமர்க் குழாய் ஒன்றைக் கலத்துக்கு முன்னால் சேர்த்தால் இந்தத் தொல்லை பெரிதும் அடங்கும். விலை கூடுதல்தான். ஆனால் நிறுவனம் இதைப் பெட்டியோடே தர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

டியூபை மாற்றுங்கள்

பெட்டியோடு வரும் சிலிக்கோன் டியூபைத் தூக்கி வைத்துவிடுங்கள். முதல் சில்லில் டொலுயீனை உறிஞ்சுவதற்கென்று போட்ட அதே பொருளால் செய்த குழாய் இது. இரண்டு மீட்டர் குழாயின் உட்சுவர், நுண்படலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிக ரப்பர். வார்னிஷ் தொட்டியைத் திறந்த உடன் ஏற வேண்டிய அளவு மெதுவாக ஏறும். மூடிய பிறகும் இறங்க மறுக்கும். காட்டூர், காந்திபுரம் பக்கம் நியூமேட்டிக் சாமான் கடைகளில் டெஃப்லான் குழாய் கிடைக்கும். 4 மில்லிமீட்டர் வெளிவிட்டம் பொருந்துகிறது. அங்கே சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் நீலப் பாலியூரித்தேன் குழாய் வேண்டாம், அதுவும் உறிஞ்சும். டெஃப்லான்தான் என்று சொல்லி வாங்குங்கள். குழாயின் வாயில் டெஃப்லான் சவ்வு வடிகட்டி ஒன்று அவசியம். லேத்தும் வைண்டிங்கும் ஒரே ஷெட்டில் இருந்தால் எண்ணெய்ப் புகை சில்லில் படியும். படிந்த எண்ணெய் தனக்கென்று தின்னரை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

நான்கு சில்லுகள்

பி.டி.எம்.எஸ். சில்லைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அது முக்கியம். டொலுயீனின் எண் ரப்பரின் எண்ணைவிட அதிகம், அதனால் உச்சி சிவப்புப் பக்கம் போகும். அசிட்டோனின் எண் 1.359, எத்தனாலின் எண் 1.361, இவை ரப்பரைவிடக் குறைவு, அதனால் நீலப் பக்கம் இழுக்கும். பெயின்ட் கடைகளில் விற்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் டொலுயீனும் கீட்டோன் வகைகளும் ஆல்கஹாலும் கலந்தே இருக்கும். அசிட்டோன் ரப்பரில் சேர்வது குறைவு என்றாலும் அதன் ஆவி அழுத்தம் டொலுயீனைப்போல் எட்டு மடங்கு. திறந்த டப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடக்கூடும். ஆகவே இந்தச் சில்லை மட்டும் பார்த்துவிட்டு காற்று சுத்தம் என்று எழுதக் கூடாது. குளோரின் சேர்ந்த கரைப்பானான டைகுளோரோமீத்தேனின் எண் 1.424. ரப்பரோடு கிட்டத்தட்ட ஒத்துப்போவதால் இந்தச் சில்லுக்கு அது ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத ஆவி.

இரண்டாவது சில்லுதான் இந்தப் பெட்டியை வாங்கக் காரணமாக இருக்க வேண்டியது. கந்தக முனையால் தங்கத்தைப் பற்றிக்கொள்ளும் தயால் மூலக்கூறுகளால் போர்த்திய தங்கத் துகள்களை நெருக்கமாக அடுக்கிய படலம். துகளுக்கும் துகளுக்கும் நடுவே ஓரிரு நானோமீட்டர் இடைவெளி. அந்த நெருக்கத்தால், ஒளியை விழுங்கவைக்கும் அவற்றின் எலக்ட்ரான் ஒத்ததிர்வுகள் பின்னிக்கொண்டு, படலம் சிவப்பாக இல்லாமல் நீலமாகத் தெரியும். ஆவி ஏறினால் தயால் அடுக்கு உப்பும், துகள்கள் விலகும், உச்சி நீலப் பக்கம் நகரும். கூடவே ஒளிவிலகல் எண் கூடுவதால் சிவப்புப் பக்கமும் ஓர் இழுப்பு உண்டு. நெருக்கமான படலத்தில் விலகல் வெல்லும், இளகலான படலத்தில் எண் வெல்லும். ஒரே ஆவிக்கு ஒரு தொகுதிச் சில்லு நீலத்துக்கும் அடுத்த தொகுதிச் சில்லு சிவப்புக்கும் போவதாகப் புகார் வந்தால் காரணம் இதுதான். படலத்தின் அடர்த்தி மாறியிருக்கிறது. விலகலை நம்பி வேலை செய்வதால் டைகுளோரோமீத்தேன், அசிட்டோன், டொலுயீன் எல்லாம் ஒரே திசையில் விழும், ஒன்றையொன்று தின்பதில்லை. குறியும் ரப்பர்ச் சில்லைவிடச் சில மடங்கு பெரிது. 100 பி.பி.எம். அளவில் நம்பகமாகப் பேசக்கூடிய சில்லு இந்த நான்கில் இது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட தயால் போர்த்திய துகள்களை எளிதாகச் செய்யும் வழியை பிரஸ்டும் ஷிஃப்ரினும் கூட்டாளிகளும் 1994இல் வெளியிட்டார்கள். வால்ட்ஜனும் ஸ்னோவும் 1998இல் அதே வகைப் படலத்தின் மின்தடை ஆவியில் மாறுவதைக் காட்டினார்கள். மின்தடை வழி மலிவு. இருந்தும் வார்னிஷ் அறைக்கு ஒளிவழியை நாங்கள் விரும்பக் காரணம், ஒளியை இழை வழியாக அனுப்பினால் அறைக்குள் மின்சாரமே தேவைப்படாது. இந்தப் பெட்டி அந்த நன்மையைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது வருத்தம். விளக்கும் பம்பும் கலமும் ஒரே கூட்டுக்குள் அடைபட்டிருக்கின்றன.

மூன்றாவது சில்லு, நீர்வெறுப்பு ஏற்றிய நுண்துளைச் சிலிக்கா. குறி நன்றாக வரும், ஆனால் விடுவது மெதுவு; ஒரு நிமிட வால்வுச் சுழற்சிக்குள் காலியாகாது. சுழற்சியை ஐந்து நிமிடமாக்கினால்தான் பொருள் உண்டு. கூடுதல் விலைக்கு, துளைகள் நிறைந்த தாமிர உலோக-கரிமச் சட்டகம் பூசிய சில்லும் தருகிறார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2010இல் வெள்ளித் துகள்மேல் இப்படிப் பூசி, கார்பன் டை ஆக்சைடுக்கான குறியை 14 மடங்கு பெருக்கிக் காட்டினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டகம் தண்ணீரை ஆசையாகப் பிடிக்கும், ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதையும். நம் மழைக்காலத்துக்கு ஆகாது.

நான்காவது, வெறும் சிலிக்கா போர்த்திய சில்லு. ஈரத்தைக் காட்டுவதற்காக. பேசாமல் விட்டுவைக்கலாம்.

அளவுத்திருத்தம்

நிறுவனம் தரும் கோடு, காய்ந்த நைட்ரஜனில், கடல்மட்ட அழுத்தத்தில் போட்டது. உங்கள் அறையில், உங்கள் தின்னரில் ஒரு தடவையாவது நீங்களே போட்டாக வேண்டும். செலவு அதிகமில்லை.

5 லிட்டர் கண்ணாடிப் பாட்டில் ஒன்று எடுங்கள். இருபது லிட்டர் தண்ணீர் கேன் உதவாது. பிளாஸ்டிக் சுவர் டொலுயீனை உறிஞ்சும், பாலிகார்பனேட் என்றால் திரவம் பட்ட இடத்தில் விரிசலும் விடும். பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, உள்ளே டெஃப்லான் பட்டை நான்கைந்து போடுங்கள், குலுக்கினால் காற்று கலக்க. டெஃப்லான் முகம் கொண்ட ரப்பர் மூடியால் அடைத்து, 10 மைக்ரோலிட்டர் ஹாமில்டன் சிரிஞ்சால் 2.1 மைக்ரோலிட்டர் டொலுயீன் விடுங்கள். கடல்மட்டத்தில் என்றால் 2.2 வேண்டும், கோவை 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து குறைவு, அதனால் 2.1. பத்து நிமிடம் விட்டு, இடையில் குலுக்குங்கள். 25 டிகிரியில் இது 100 பி.பி.எம். சைலீனுக்கு 2.4 மைக்ரோலிட்டர். அதே அட்டவணையில் அசிட்டோனின் வரம்பு 750 பி.பி.எம். என்பதால் அதற்கு 10.8, இரண்டு தடவையாக.

பம்பு நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் இழுக்கும். இரண்டு நிமிடம் இழுத்தால் 400 மில்லிலிட்டர் வெளிக்காற்று பாட்டிலுக்குள் புகுந்து செறிவு நூற்றுக்கு எட்டு குறையும். அதே செறிவில் இன்னொரு பாட்டிலைத் தொடராக முன்னால் சேர்த்தால் கலத்துக்குப் போகும் காற்றில் அந்தக் குறைவு மிகச் சிறிதாகிவிடும். சிரிஞ்சின் ஊசிக்குள் தங்கும் துளியையும் கணக்கில் எடுங்கள்; 2 மைக்ரோலிட்டர் அளவில் அது சின்ன விஷயம் இல்லை. முதலில் கொஞ்சம் காற்று, பிறகு திரவம், பிறகு மறுபடி காற்று என்று இழுத்து, திரவத்தின் நீளத்தைச் சிரிஞ்சுக் குழலிலேயே படித்துவிட்டுச் செலுத்துவது சரியான வழி. 0, 50, 100, 200, 400 பி.பி.எம். என்று ஐந்து புள்ளி எடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எண் வரவில்லை என்றால் எங்கோ ஒரு குழாயோ ஓ-ரிங்கோ உறிஞ்சுகிறது. இதையெல்லாம் வார்னிஷ் அறைக்கு வெளியே, காற்றோட்டமான மேசையில், அடுப்போ வெல்டிங்கோ இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

கடைசியாக, சுத்தமான டொலுயீனுக்குப் பதில் நீங்கள் வாங்கும் தின்னரையே விட்டு ஒரு வரிசை எடுங்கள். முதல் சில்லும் இரண்டாவது சில்லும் தரும் குறிகளின் விகிதம் உங்கள் தின்னருக்கு ஓர் அடையாளம். அடுத்த லாட்டில் அந்த விகிதம் மாறினால் கடைக்காரர் கலவையை மாற்றியிருக்கிறார். இந்தப் பயனை விளக்கத்தாளில் எங்கும் சொல்லவே இல்லை; கொள்முதல் பார்ப்பவர்களுக்கு இதுவே பெரிய உதவி.

எங்கே வைப்பது

வார்னிஷ் அறைக்குள் வைக்கவே கூடாது. இந்தப் பெட்டிக்குத் தீப்பொறிக் காப்பு கிடையாது, பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அமைப்பான பெசோவின் சான்றும் கிடையாது. பம்பில் இருப்பது பிரஷ் வைத்த மோட்டார், பொறி விடும். டொலுயீன் ஆவி காற்றில் 1.1 முதல் 1.2 சதவீதம் தொட்டாலே பற்றிக்கொள்ளும். முக்கும் தொட்டியின் விளிம்பில், மூடி திறந்த நிலையில், அது எட்டாத அளவு இல்லை. பெட்டியைச் சுவருக்கு வெளியே வைத்து, டெஃப்லான் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். கலத்திலிருந்து வெளியேறும் காற்றையும் திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள். விற்பனைக்கு வரும் ஆள் "உள்ளேயே மாட்டிக்கலாங்க" என்றால் சான்றிதழைக் கேளுங்கள்.

குழாயின் வாய் ஒன்று, நிற்பவரின் மூக்கு உயரத்தில், ஒன்றரை மீட்டரில். இன்னொன்று தொட்டிக்குப் பக்கத்தில் தரையிலிருந்து ஒரு சாண் மேலே. சைலீன் ஆவி காற்றைவிட மூன்றரை மடங்குக்கு மேல் கனம், மின்விசிறி நின்றால் கீழே தேங்கும். உயரத்து அளவு ஆள் சுவாசிப்பதைச் சொல்லும், தரை அளவு எக்ஸாஸ்ட் வேலை செய்கிறதா என்பதைச் சொல்லும். ஓவன் கதவு திறந்ததும் வரும் முதல் வீச்சில் சூடான காற்று குழாய்க்குள் போனால் குறி தாறுமாறாகும். ஓவனிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியே வாயை வையுங்கள்.

திருப்பூருக்கு

பிரிண்டிங் பட்டறையில் டர்பென்டைன், மண்ணெண்ணெய் ஆவிக்கு இரண்டாவது சில்லு நன்றாகப் பேசும். துணி செக்கிங் மேசையில் கறை எடுக்கும் ஸ்பிரே கன்னுக்கு ஊற்றும் திரவம் பெரும்பாலும் குளோரின் சேர்ந்தது. அங்கே இந்தப் பெட்டிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. வழக்கமாக வாங்கும், புறஊதா ஒளியால் ஆவியை அயனியாக்கி அளக்கும் பி.ஐ.டி. மீட்டரின் 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கால் டிரைகுளோரோஎத்திலீனைப் பார்க்க முடியும், டைகுளோரோமீத்தேனையும் கார்பன் டெட்ராகுளோரைடையும் பார்க்க முடியாது. தயால் படலத்துக்கு அந்தத் தடை இல்லை. பஞ்சு பறக்கும் இடம் என்பதால் வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். பம்பின் ஓசை மாறினால் வடிகட்டி அடைத்திருக்கிறது.

சாயப்பட்டறைக்கு மலிவு என்று வெள்ளித் துகள் சில்லைக் காட்டுவார்கள். வெள்ளியின் உச்சி தங்கத்தைவிடக் கூர்மை, உணர்திறன் அதிகம், எல்லாம் சரி. ஆனால் சல்ஃபர் சாயத்துக்குச் சோடியம் சல்ஃபைடு போடும் இடத்தில், அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். வெள்ளி அதைப் பிடித்துக் கறுத்துப்போகும், திரும்பாது. கரைப்பான் அளப்பதற்கு அந்தச் சில்லு அதோடு முடிந்தது. சுத்திகரிப்புத் தொட்டிப் பக்கம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்ததா என்று ஒரு தடவை மட்டும் பார்த்துத் தூக்கிப்போடுவதற்கு வேண்டுமானால் அதே குணம் நல்லது.

இதை எதற்குப் பதிலாக வாங்குவது

சட்டப்படியான அளவுக்கு இது பதில் இல்லை. அதற்குக் கரிக்குழாயில் காற்றைப் பிடித்து, கேஸ் குரோமட்டோகிராபில் பிரித்து அளக்கும் முறைதான், அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியாஷின் 1501ஆம் முறை போல. ஆய்வுக்கு வருபவரிடம் இந்தப் பெட்டியின் வரைபடத்தை நீட்டினால் ஏற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆளுக்கு ஆள் கையில் எடுத்துப்போய்ப் பார்க்க வேண்டும் என்றால் பி.ஐ.டி. மீட்டர் மேல், டொலுயீனையும் சைலீனையும் அது ஒரு பி.பி.எம்.முக்குக் கீழேயே காட்டும். எப்போதாவது ஒரு தடவை பார்க்க நிறம் மாறும் கண்ணாடிக் குழாய்களே போதும். எம்.கியூ. வரிசை மலிவு உணரிகள் தின்னர் இருக்கிறது என்று மட்டும் சொல்லும்; ஈரத்துக்கும் சூட்டுக்கும் அவை ஆடும் ஆட்டம் இதைவிட மோசம்.

நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்று, எந்த நேரத்தில் ஏறுகிறது, எக்ஸாஸ்ட் போட்டால் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது, தின்னர் மாறியதா என்று சொல்லும் காவலாக வைப்பதற்கு இந்தப் பெட்டி சரி. அந்த வேலைக்கு வாங்குங்கள், வேறு எதற்கும் வேண்டாம்.

சில்லுகளைத் தொட்டுத் துடைக்காதீர்கள், விரல்ரேகை போதும் கெடுக்க. பி.டி.எம்.எஸ். சில்லை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் முக்கி எடுக்கலாம். தயால் படலத்தை எந்தக் கரைப்பானிலும் முக்க வேண்டாம். இருமுனைத் தயாலால் கட்டிவைக்காத படலம் டொலுயீனில் கரைந்தே போய்விடும். கட்டியதா, கட்டாததா என்று வாங்கும்போதே கேளுங்கள். ஓசோனும் வெளிச்சமும் தயாலை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். வெல்டிங் நடக்கும் இடத்துக்கும் புறஊதா விளக்கில் பிரிண்ட் உலர்த்தும் இடத்துக்கும் பக்கத்தில் ஆயுள் குறையும். மாற்றுச் சில்லை இருட்டில், காற்றுப் புகாத டப்பாவில், ஒரு கரிப் பொட்டலத்தோடு வையுங்கள். மறுநிரப்பு ஆர்டர் கொடுக்கும்போது இரண்டாவது சில்லுக்குத் தயாரிப்புத் தேதியும், 100 பி.பி.எம். டொலுயீனில் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்ற சோதனைச் சீட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய சில்லும் புதுச் சில்லும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், பழைய அளவுத்திருத்தக் கோட்டை அதன்மேல் போட்டுப் பார்க்க வேண்டாம்.